ஆன்

கச்சேரி மதிலோரம் மூன்றாவது மேசை என்னுடையது.
மனு ஒன்றுக்கு இருநூற்றைம்பது,
ஆங்கிலமென்றால் ஐம்பது கூட.
அந்த ஐம்பதும் சின்னச் சொற்களுக்கான கூலி:
அப், அவுட், ஆஃப், ஆன்.
வினைச்சொல்லை எவரும் போட்டுவிடுவார்கள்.
அதற்கு எந்த வால் என்பதில்தான்
என் பிழைப்பு ஓடுகிறது.

'லுக்' என்று மட்டும் அடித்தால் வெறும் பார்வை.
'ஃபோர்' சேர்த்தால் தேட வேண்டும்.
'ஆஃப்டர்' சேர்த்தால் சோறு போட வேண்டும்.
அதனால் கந்தோர்கள் எப்போதும்
'இன்டு' சேர்த்தே பதில் அனுப்புகின்றன.
கோப்பு ஒன்று திறக்கும்.
பிறகு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

'புட் அப் வித்.'
போடு, மேலே, கூட.
எதை, எதன்மேல், யாரோடு என்று கேட்டால்
பொறுத்துக்கொள் என்கிறது அகராதி.

போன மாதம் திருக்கடலூர்ப் பெடியனுக்கு
மண்ணெண்ணெய் முடிந்த கதையை எழுதி
வாசித்துக் காட்டினேன்.
"ரன் அவுட்டோ? ஆர் அண்ணை பந்தை எறிஞ்சது?"
பக்கத்து மேசை ஹில்மி
தேத்தண்ணீர் புரையேறச் சிரித்தான்.

கச்சான் காற்று. தாள்களின்மேல்
வள்ள எஞ்சினொன்றின் துருவேறிய நட்டு.
நேற்று அதையும் தள்ளிவிட்டு
ஒரு மான் வந்து காணி மனுவின்
இரண்டாம் பக்கத்தைத் தின்றது.
இந்த ஊர் மான்களுக்கு
எந்த மொழியும் செமிக்கும்.

நகுலேஸ்வரி வந்தது பதினொரு மணிக்கு.
தோஹாவிலிருந்து ஒரு கடிதம்,
கொம்பனி முத்திரையோடு, ஒரே ஒரு வரி:
மிஸ்டர் விஜயசேகரம் ஹாஸ் மூவ்ட் ஆன்.

"போனில போட்டுப் பாத்தன், அண்ணை.
நகர்ந்துள்ளார் எண்டு வருது.
எங்கை நகந்தவர்?
பஸ்ஸில கொண்டக்டர் சொல்லுறவங்களே,
அப்பிடியோ?"

வேலையை விட்டாலும் மூவ்ட் ஆன்.
அறை மாறினாலும் அதுதான்.
ஒருத்தியை மறந்து இன்னொருத்தியோடு
வாழத் தொடங்கினாலும் அதுவேதான்.
எழுதியவன் எந்த நாட்டுக்காரனோ.
என்னைப்போல அரைகுறை ஆங்கிலத்தில்,
வாலைச் சரியாகப் பிடித்து
தலையை மாற்றி ஒட்டியிருந்தால்?
'பாஸ்ட் ஆன்' என்பதற்கும்
அதே 'ஆன்'தான்.

நான் இங்கிலீஷைக் குறை சொல்ல ஏலாது.
முதல் நாள் அவர் அங்கிருந்து பேசினாராம்,
"போய்ச் சேந்திட்டன்" என்று.
அன்றைக்கு அவள் பால்சோறு பொங்கினாள்.
அதே சொல்லைப் பக்கத்து வீட்டில்
வேறொருவரைப் பற்றிச் சொன்னால்
பந்தல் போட வேண்டும்.

"ஆன் எண்டா எரியுது எண்டுதானே?
லைட் ஆன், ஃபோன் ஆன்.
அப்ப ஆள் இருக்கிறார் எண்டுதானே, அண்ணை?"

நான் எஃப் எழுத்து தேய்ந்துபோன
விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கப்பல்
கோதுமையோடு வந்து ஊதியது.

பிறகு அடித்தேன்:
ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது.
அந்த வசனம் முடியவில்லை.
தயவுசெய்து 'ஆன்' என்பதற்குப் பின்னால்
'டு' என்று ஒரு சொல் போடுங்கள்.
அதன் பின்னால் ஒரு ஊரின் பெயர்,
அல்லது ஒரு கொம்பனியின் பெயர்.
பெண்ணின் பெயரென்றாலும் பரவாயில்லை.

கடைசி வரியை அவளுக்கு
வாசித்துக் காட்டவில்லை.

முந்நூறு ரூபாயை எண்ணி வைத்தாள்.
அந்த ஐம்பதையும் எடுத்துக்கொண்டேன்.
வேண்டாமென்று திருப்பியிருந்தால்
அவளுக்கு விளங்கியிருக்கும்.