அரை வெளிச்சம்

வைரசை நாங்கள் வளர்ப்பதில்லை.
அதற்கான அறை இல்லை, அனுமதி இல்லை,
மாரி பிடித்தால் கிளிநொச்சியில்
மூன்று நாள் தொடர்ந்து மின்சாரமும் இல்லை.
ஆட்டுக் கொள்ளைநோயின் இரண்டு புரதங்களை மட்டும்
இரவல் வாங்கி வைத்திருக்கிறோம்.
ஒன்று கதவைத் தட்டும்.
மற்றது கதவோடு சுவரையும் பிடுங்கும்.

இந்தக் குடுவையில் அந்தப் புரதங்களைச் சுமக்கும் கலங்கள்.
அந்தக் குடுவையில் ஆட்டின் வாங்கியை அணிந்த கலங்கள்.
பச்சைப் புரதமொன்றை இரண்டாய்த் தறித்து
இதற்குப் பாதி, அதற்குப் பாதி.
பாதி ஒளிராது.
மென்சவ்வுகள் ஒன்றாகி உள்ளே நீர் கலந்தால்தான்
பச்சை பிறக்கும்.
எழுதினால் முறை அரைப் பக்கம்.
எங்களுக்குப் பிடித்தது ஏழு மாதம்:
பூஞ்சணம் ஒருமுறை,
டீசல் வாங்கப் போனவன் பரந்தனில் வரிசையில் நிற்க
அடைகாப்பான் குளிர்ந்து
சிவப்பு ஊடகத்தில் எல்லாம் மிதந்தது ஒருமுறை.

ஒட்டுசுட்டானிலிருந்து குணசீலி
ஐஸ் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தா.
"பதினெட்டு நிண்டது. பதினேழு போட்டுது.
இந்த வால்கட்டை மட்டும்
மூக்கொழுகி, வாய் வெந்து, கழிஞ்சு கழிஞ்சு கிடந்து
பத்தாம் நாள் எழும்பிக் குழை திண்டது.
ஏனெண்டு பாத்துச் சொல்லுங்கோ."

இரத்தத்தைச் சுழற்றினேன். மேலே தெளிந்தது
வைக்கோல் நிறத்தில், ஒரு தேக்கரண்டி இருக்காது.
பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, நாற்பது, எண்பது
என்று ஐதாக்கிக்கொண்டே போய்
குழிகளில் விட்டு
இரண்டு குடுவைக் கலங்களையும் கலந்து ஊற்றினேன்.
முப்பத்தேழு பாகை. எட்டு மணித்தியாலம்.

யன்னலுக்குக் கறுப்புத் துணி.
சீரம் விடாத குழியை முதலில் பார்த்தேன்:
பச்சை, வரம்பில்லாத பச்சை.
ஒரு திட்டில் நாற்பத்தொரு கருக்கள்
கோடை முடிவில் வற்றிய குளத்தின் நடுச்சேற்றில்
மீன்கள் ஒதுங்குமாப்போல
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

மூன்று கருவென்றால் இணைவு என்று எழுது.
இரண்டென்றால் விடு,
அது பிரியப்போகிற கலமாயும் இருக்கலாம்.
எந்தக் குழி எதுவென்று மறைத்துவிட்டு
நானும் ஜெனிற்றாவும் தனித்தனியே எண்ணினோம்.
ஒரு குழிக்கு எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
அவளுக்கு நூற்றியெண்பத்தேழு.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு
இங்கே ஒருகாலம் இரண்டு கணக்கு இருந்தது.
குறைந்த கணக்குக்குத்தான் அரிசி வந்தது.
ஜெனிற்றாவுக்கு அப்போது ஒன்பது வயது.
"திரும்ப எண்ணுவம்" என்றாள்.
எண்ணினோம். இருநூற்றியிரண்டு, நூற்றித் தொண்ணூற்றெட்டு.
சராசரி எடுத்து, வித்தியாசத்தையும் பக்கத்தில் எழுதினோம்.

வால்கட்டையின் குழிகள் இருட்டு.
செத்துவிட்டனவோ என்று சாதாரண வெளிச்சத்தைப் போட்டேன்.
இல்லை, நெருக்கமாய் நிற்கின்றன
ஒரு கலத்துக்கு ஒரு கரு
அவரவர் வேலிக்குள்.
நாற்பதிலும் இருட்டு. எண்பதிலும்.
நூற்றியறுபதில்தான் மூன்று பச்சைத் திட்டு.
இருட்டைப் பார்த்து ஜெனிற்றா கைதட்டியதை
வாசல் காவலாளி வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

காலையில் குணசீலிக்கு எடுத்தேன்.
"உங்கட ஆட்டின்ர இரத்தத்தில எதிர்ப்பு நிக்குது.
நூற்றியறுபது மடங்கு தண்ணியாக்கும்வரை வைரசை ஒட்ட விடேல்ல."
"நல்லது பிள்ளை" என்றா. பின்னால் கோழி கத்தியது.
"எனக்கொரு கடிதம் வேணும். நட்டஈட்டுக்கு.
பதினேழு எண்டு எழுதுங்கோ.
மிருக வைத்தியர் கந்தோரில
பன்னிரண்டெண்டு பதிஞ்சு வச்சிருக்கினம்."

நான் எண்ணியது கருக்களை.
அவவின் பட்டியை நான் பார்த்ததேயில்லை.
குழித்தட்டை வெளிற்றும் நீரில் அமிழ்த்திவிட்டு வந்து
கடிதத்தாளை எடுத்து வைத்தேன்.
திகதி போட்டேன். மேற்படி விடயம் என்று
கோடும் இழுத்தேன்.
அதற்குக் கீழே
அந்த ஐந்து ஆடுகள்.