கேளாத பக்கம்

சைலன்சர் என்றதும்
புல்லட்டுக்கா என்று கேட்டேன்.
"புல்லட்டுக்குத்தானுங்க" என்றார் பொங்கியண்ணன்,
பட்டறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு
சாக்கை அவிழ்த்தபடி.
உள்ளே சோளத்தட்டோடு சேர்த்துக் கட்டி
அவர் அப்பன் காலத்து லைசன்சு ரைபிள்.

பெரியநாயக்கன்பாளையத்தில்
முப்பத்தோரு வருசமாய் இரும்பைக் கடைகிறேன்.
பம்புக்கு சாஃப்ட்டு, கிரைண்டருக்கு புஷ்,
ஒரு தடவை தேருக்கு அச்சாணி.
அடுத்த கொட்டகைப் பவர் பிரஸ்
என் இடது காதைத் தின்றுவிட்டது.
எந்த வருசம் என்று சொல்லத் தெரியவில்லை.
சத்தம் போவது சத்தமில்லாமல்தான் நடக்கும்.

வலது பக்கம் திருப்பி வாங்கிக்கொண்டேன் அவர் பேச்சை.
குருடிமலை அடிவாரம். மூன்றரை ஏக்கர் மக்காச்சோளம்.
பால் பிடிக்கிற கதிர்.
ராத்திரிக்கு ராத்திரி பதினெட்டு, இருபது பன்னி.
"ஒரு வெடி போட்டா ஓடிப் போயிருதுங்க.
ஆனா செனைமாடு மெரளுது.
மருமவ தொட்டில்ல போட்ட புள்ளை
விடிய விடிய அழுவுது.
அக்கட்டால செங்கல் சூளைக்காரன்
வாட்சருக்குப் போன் போடறான்.
சத்தம் மட்டும் வேண்டாமுங்க.
மத்ததெல்லாம் இருக்கட்டும்."

தப்புத்தான். தெரிந்துதான் செய்தேன்.
செய்த விதத்தை இங்கே எழுதப்போவதில்லை.
கூலிக்கு ஒரு மூட்டை கதிர் தருவதாகப் பேச்சு.
அன்றைக்குப் படுக்கையில் நினைத்துக்கொண்டேன்:
மலைக்குக் கண்ணில்லை,
எனக்குப் பாதிக் காதில்லை,
இப்போது துப்பாக்கிக்கு வாயுமில்லை.
நல்ல கூட்டாளிகள்.

எட்டாம் நாள் வந்தார். மூட்டை இல்லை.
துண்டில் சுற்றிய குழாய் மட்டும்.

பரண் மேலிருந்து சுட்டாராம்.
ஈரத்துணியைக் கல்லில்
ஒருதரம் அடித்தாற்போல் ஓர் ஓசை.
ஒரு பன்னி சாய்ந்தது.
மற்றவை தலை தூக்கிப் பார்த்தன.
மறுபடி தின்றன.
இரண்டாவது சாய்ந்தது.
தின்றன.
செத்ததைச் சுற்றிக்கொண்டு போய்
அடுத்த சாலில் தின்றன.
எங்கிருந்து வருகிறது என்று தெரியாததை விட்டு
எந்தப் பக்கம் ஓடும்?
கொண்டுபோனது மூன்றே தோட்டா.
"அப்பறம் சோத்து வட்டலை எடுத்துத்
தட்டு தட்டுன்னு தட்டினனுங்க."
அதற்குத்தான் ஓடினவாம்.
விடிந்து பார்த்தால் அரை ஏக்கர் மண்ணோடு மண்.
தொட்டில் பிள்ளை வட்டல் சத்தத்துக்கு எழுந்து
ஊரைக் கூட்டிவிட்டதாம்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"இன்னொண்ணு சொல்லோணும்" என்று கிட்டத்தில் வந்தார்.
அத்தனை வருசம் வெடி மூடிவைத்திருந்த ஏதோ ஒன்று
அந்த ராத்திரி அவருக்குக் கேட்டிருக்கிறது,
விழுந்ததற்கும் அடங்கியதற்கும் நடுவில்.
மீசை என் காதில் உரசியது.
புகையிலை வாசம்.
என் தோளைப் பிடித்த கை
ஒருதரம் இறுகி, பிறகு வெகுநேரம்
எடுக்க மறந்து அங்கேயே கிடந்தது.
நிறையச் சொன்னார்.

இடது காது.

நிறுத்தி, இந்தப் பக்கம் வாங்க என்றிருக்கலாம்.
தலையாட்டிக்கொண்டிருந்தேன்.
"ஆருகிட்டயும் சொல்லீராதீங்க" என்றது மட்டும்
முகம் விலகுகையில் வலப்பக்கம் வந்து விழுந்தது.

குழாயைக் கட்டிங் வீலில் கொடுத்தேன்.
அந்தக் கிறீச்சுக்கு
வாசலில் கிடந்த நாய் எழுந்து ரோட்டுக்கு ஓடிற்று.
டீ கொண்டுவந்த பையன் காதைப் பொத்தினான்.
பொங்கியண்ணன் கண்ணை மூடி நின்று
கடைசித் துண்டு கீழே விழும்வரை
கேட்டுக்கொண்டே இருந்தார்.