இரண்டே கால் மீட்டர்

விமானம் இறங்கும் சரிவுக்குக்
காகிதத்தில் ஒரு கோடு உண்டு,
வானத்தில் கிடையாது.
அதனால்தான் என்னை அனுப்புகிறார்கள்.

நைரோபி, எம்பகாசி. எட்டாம் மாடி.
சட்டப்படி இந்த மாடி இல்லை.
இல்லாத மாடியின் கதவைத் தட்டினேன்.
நெகேசா திறந்தாள்.
இல்லாத அடுப்பில் உகாலி இறுகிக்கொண்டிருந்தது.
"செருப்போடே வாருங்கள்,
தரை இன்னும் பூசவில்லை."

மொட்டை மாடியில் முக்காலியை ஊன்றிக்
கண்ணை வைத்தேன்.
இரண்டே கால் மீட்டர் அதிகம் என்றேன்.
"எதைவிட?"
கோட்டைவிட.
அவள் அண்ணாந்து தேடினாள்.

தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு மராபு நாரை
இன்னொரு மீட்டரைக் கூட்டி நின்றது.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
"வீட்டுக்காரர் முன்பணம் திருப்பித் தருவாரா?"
அதற்கும் இல்லை.

அப்போது ஒன்று வந்தது,
சக்கரங்களைத் தொங்கவிட்டபடி.
கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டை படபடத்தது.
குனிந்தது நான் ஒருவன்தான்.

அவள் மகன் பராசா,
வயது ஐந்திருக்கும்,
இவ்வளவு நேரமும் கருவியையே பார்த்திருந்தான்.
சட்டென்று சிமென்டில் மல்லாந்து
கைகளை உடம்போடு ஒட்டி
வயிற்றை எக்கிக்கொண்டு கேட்டான்:
"இப்போது?"