அரைப் பேருக்கு என்ன விகுதி

மாட்ரிட்டிலிருந்து பதினொரு பேர் வருகிறார்கள் என்று
தொழிற்சாலை மனேஜர் சொன்ன அன்று
அப்புத்தளை டவுனில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.
ஹெட்போனில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது.
மற்றக் காதுக்குள் ஒரு பெண்
ஆல்தோ என்றாள், ஆல்தா என்றாள்,
உயரமானவன், உயரமானவள்.

நமக்கு 'நல்ல' என்று ஒருதரம் சொன்னால் போதும்,
நல்ல மாமா, நல்ல மாமி, நல்ல பிள்ளைகள்,
யார் வந்தாலும் அந்தச் சொல் எழுந்து நிற்காது.
அங்கே ஆளைக் கண்டதும்
வால் மாற்றிக்கொள்ள வேண்டும் சொல்.
ஆணுக்கு ஓ. பெண்ணுக்கு ஆ.
கூட்டமென்றால் பின்னால் ஒரு ஸ்.

பழக ஆட்கள் வேண்டுமே.
காலைப் பிரட்டில் நின்று பிடித்தேன்:
பாக்கியநாதன், ஆல்தோ.
அவன் பெண்சாதி ரெஜினா, ஆல்தா, அவனைவிட.
ஸ்டெல்லாவும் கோசலையும் பாஹாஸ்,
இரண்டு குட்டைகளும் ஒரே குடைக்குள்.
குவாப்போ என்றொரு சொல், அழகன்.
எழுதி வைத்திருக்கிறேன்,
யாருக்கு என்று சொல்லமாட்டேன்.

பிறகுதான் அந்தப் பாடம்.
நூறு பெண்கள் நிற்கும் இடத்தில்
ஒரே ஒரு ஆண் வந்து நின்றால்
நூறு ஆ-வும் ஓ ஆகிவிடும் என்றாள் காதுக்காரி,
நாளைக்கு மழை என்று சொல்வதுபோல.
போனை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன்.
அதையேதான் சொன்னாள்.

ஏழாம் நம்பர் மலையில் இருபத்திமூன்று பெண்கள்.
தராசடியில் அமிர்தராஜ்.
காலையிலிருந்து அவன் தூக்கியது ஒரு பேனை.
வழுக்கலில் இறங்கி ஏறியது அவர்கள்,
அட்டைக்குச் சவர்க்காரம் தடவியது அவர்கள் கால்கள்.
ஆனால் களைத்திருக்கிறார்கள் என்று சொல்லப்போனால்
கன்சாதோஸ்.
அத்தனை பேர் களைப்பும் அவன் பெயரில்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள் அந்தப் பதினொருவர்.
பத்துப் பெண்கள், கேமராவோடு ஒரு கிழவர்,
ஆகவே ஆண்பால்.
மஞ்சள் தொப்பிக்காரி மலையைப் பார்த்துக் கேட்டாள்:
கொந்தெந்தாஸ்? சந்தோஷமாகவா இருக்கிறார்கள்?
அம்மா மூன்றாவது நிரையில் நின்றாள்,
என்னைத் தெரியாதவள் மாதிரி.
கன்சாதாஸ், என்றேன்.
கிழவர் நல்ல மனிதர்.
அமிர்தராஜைக் கண்ணால் காட்டி
மெதுவாகத் திருத்தினார்: தோஸ், தோஸ்.
எல் நோ, என்றேன். அவன் இல்லை.
தன்னைத்தான் புகழ்கிறேன் என்று நினைத்து
அமிர்தராஜ் கேமராவுக்குச் சிரித்தான்.

நாலரைக்கு நிறுவை.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ கழித்து
அம்மாவுக்குப் பதினாறு. பதினெட்டு இல்லை.
அரைப் பேர், என்று எழுதினான்
அந்த ஒரே பேனையால்.

இரவு கொப்பியைத் திறந்தேன்.
சில சொற்கள் ஆண் பெண் பார்ப்பதில்லையாம்.
திரிஸ்தே, துயரம் பிடித்தவருக்கு.
ஃபுயெர்தே, பலமுள்ளவருக்கு.
பொப்ரே, ஏழைக்கு.
நமக்கும் ஏழைக்குப் பால் கிடையாது, கள் மட்டும்தான்.
இந்த ஓரிடத்தில்
இரண்டு மொழியும் எங்கேயோ சந்தித்துப்
பேசிவைத்துக்கொண்ட மாதிரி.

ஒருமை தெரியும், பன்மை தெரியும்.
அரைக்கு என்ன விகுதி?
காதுக்காரியிடம் அந்தப் பாடம் இல்லை.
கன்சாதா என்று எழுதப்போய்
கடைசி எழுத்துக்குக் கால் போடாமல் விட்டேன்:
கன்சாத.
இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

அடுப்புக்குப் பக்கத்தில் அம்மா
காலை நீட்டி அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தாள்.
'என்னாடி மொணமொணங்கிற?'
ஒன்னத்தான், என்றேன்.
'என்னா, ஏசுறியா?'
இல்லை என்று சொல்லிவிட்டு
அந்தக் காலைப் போட்டேன்,
கொஞ்சம் நீளமாகவே.