நீலக் கோடு நிற்கும் இடம்

நான் எழுத்தாளன் இல்லை. ஆனாலும்
இந்த நகரத்தில் என் கையெழுத்தை மிதிக்காதவர்கள் குறைவு.
கையில் பெயின்ட் டப்பா, தோளில் மஞ்சள் பெட்டி,
தரையை முகர்ந்துகொண்டு முன்னே போகும் கோல்.
தோண்டுகிறவர்கள் வருவதற்கு முன் வந்து
மண்ணுக்குக் கீழே ஓடுவதை
மண்ணுக்கு மேலே எழுதிவைப்பது வேலை.
தண்ணீருக்கு நீலம், எரிவாயுவுக்கு மஞ்சள்.
சிவப்பு என்றால் மின்சாரம்.
அங்கே மண்வெட்டியும் ஒருகணம் யோசிக்கும்.

ஹாமில்டனின் கிழக்கே,
உருக்காலைக் கரி ஜன்னல் விளிம்புகளில்
இன்னும் வாடகையில்லாமல் குடியிருக்கும்
பெல்மோர் வீதிக்கு
இந்த வருடம் காசு வந்திருக்கிறது.
நடைபாதைச் சிமென்டில் 1931 என்று அச்சுக் குத்தியவனுக்குப் பிறகு
இந்தப் பக்கம் யாரும் குனிந்து பார்க்கவில்லை போலும்.
மாநகரசபையின் கடிதம் கதவுக்குக் கதவு தொங்குகிறது:
புது நடைபாதை, புது விளக்கு, பதினெட்டு மரக்கன்று,
ஈயக் குழாய்க்குப் பதில் செம்பு.
கடைசி வரி மட்டும் சின்ன எழுத்தில்,
காணியின் எல்லை வரை.

அப்பால் வீட்டுக்காரர் பாடு.
தெருவிலிருந்து புதிதாய் வரும் செம்பு
புல்லின் ஓரத்தில் நின்று
பழைய ஈயத்துக்குக் கைகொடுக்கும்.
அந்தக் கைகுலுக்கலைக் குடித்துத்தான்
நாற்பத்தேழாம் இலக்கத்தில் மூன்று பிள்ளைகள் வளரவேண்டும்.

மிலேனா படியில் நின்றாள்,
ஒரு கையில் கோப்பி, இடுப்பில் கடைக்குட்டி.
"ஏன் நீலம் என் கதவுவரை வரவில்லை?
பெயின்ட் தீர்ந்துவிட்டதா?"
எல்லையைக் காட்டினேன்.
"வீட்டுக்காரரிடம் கேளுங்கள்."
"அவர் மிசிசாகாவில். முதலாம் திகதி மட்டும்தான்
அவருக்குத் தொலைபேசி கேட்கும்."
பிறகு, தெருவுக்குக் காது இருப்பதுபோலக் குரலைத் தணித்து,
"தெரு அழகானால் வாடகை ஏறுமா?"

அதற்கு என்னிடம் நிறம் இல்லை.
டப்பாவைக் குலுக்கினேன்,
உள்ளே குண்டு கடகடவென்றது.

வரைபடத்தில் குழாய் நேர்கோடு.
கோலோ மேப்பிள் மரத்தடியில் திடீரென இடப்பக்கம் இழுத்தது,
அரைவட்டம் போட்டு மறுபடி வரிசைக்கு வந்தது.
தொண்ணூறு வருடத்துக்கு முன் எவனோ
ஒரு கன்றுக்காக ஈயத்தை வளைத்திருக்கிறான்.
பாறை இருந்திருக்கும், என்கிறான் ட்வேன்.
இருந்திருக்கலாம்.
நான் அந்த வளைவை அப்படியே எழுதினேன்.

கை நிற்கவில்லை. எல்லைக் கம்பியைத் தாண்டி,
புல்லின்மேல், உடைந்த முச்சக்கரச் சைக்கிளைச் சுற்றி,
அவள் நின்ற படியின் கீழ்ப்பலகைவரை
பதினொரு மீற்றர் நீலம்.
"ஆர்டரில் அது இல்லையே," என்றான் ட்வேன்.
"குழாய் அங்கேதானே போகிறது."
அவன் தலையைச் சொறிந்துகொண்டு லொறிக்குப் போனான்.
மிலேனா கோப்பியை வைத்துவிட்டு
கோட்டைப் படம் எடுத்தாள். அடியிலிருந்து நுனிவரை,
நாலைந்து படம்.
யாருக்கு அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூனில் இயந்திரம் வந்தது.
எல்லையில் நின்றது, சொன்ன சொல் தவறாத பிராணி.
மழையில் என் எழுத்தும் போயிற்று.

ஒக்டோபரில் வேறு வேலையாக அந்த வழியே போனேன்.
பதினெட்டுக் கன்றில் பதினாறு நிமிர்ந்து நிற்கின்றன.
புதுச் சிமென்டில் இந்த வருடத்தின் அச்சு,
பக்கத்தில் ஒரு சின்னப் பாதம், ஐந்து விரலோடு.
எவரும் தேய்த்து அழிக்கவில்லை.
நாற்பத்தேழின் முற்றத்தில்
எல்லையிலிருந்து படிவரை ஒரு கீற்று மண்,
அதில் புல் இப்போதுதான் முளைக்கிறது, வேறு பச்சை.
ஜன்னலிலும் வேறு திரை.
மிலேனா மாற்றிய திரையாக இருக்கலாம்.
மணி அடித்துக் கேட்டிருக்கலாம்.

அடுத்த வீதியின் ஆர்டர் பையில் இருந்தது.
அதிலும் கடைசி வரி சின்ன எழுத்து.