காரணம், இருநூற்றைம்பது எழுத்துக்குள்

விலக்குக் கேட்கும் படிவத்தில்
மூன்றே கட்டங்கள்:
உடல்நலம். பராமரிப்பு. மதம்.
கீழே ஒரு பெட்டி,
இருநூற்றைம்பது எழுத்தைத் தாண்டினால்
சிவந்துவிடுகிறது.

எனக்கு நோய் இல்லை, திரு. த்ரெல்ஃபால்.
என்னை நம்பி வீட்டில் யாரும் படுத்திருக்கவில்லை.
கடவுளுக்கும் எனக்கும் இருக்கிற வழக்கு
எந்தக் கிழமைக்கும் கட்டுப்பட்டதல்ல.
நான் சும்மா
நன்றாக இருந்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

நாலு வருஷம், சமையலறை மேசையிலிருந்து
ஆலங்கட்டி உடைத்த கூரைகளுக்கு விலை போட்டேன்.
ஆயிரத்து எழுநூறு கூரைகள்.
பிராண்டனிலிருந்து ஒருவர் போனிலேயே அழுதார்.
அடுப்பில் பீட்ரூட் சூப் பொங்கி வழிந்தது.
வழியட்டும் என்று விட்டேன்,
அவர் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை.
அதை எந்த அட்டவணையில் சேர்த்தீர்கள்?

ஜனவரி ஆறு. மைனஸ் முப்பத்தொன்று.
வினிபெக்கில் கார்களுக்கும்
ராத்திரி முழுக்க மின்சாரம் ஊட்ட வேண்டும்;
முகப்பிலிருந்து நாக்கு மாதிரி ஒயர் தொங்கும்.
ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி,
மறுபடி உங்கள் வாகன நிறுத்தத்துக் கம்பத்தில் சொருகி
உள்ளே வந்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
நூற்று நாற்பது மேசை.
நாங்கள் காப்பீட்டுக்காரர்கள், கழிக்கத் தெரியும்.
ஆறரைக்கே வந்தவர்கள்
நாற்காலிக்கு நாற்காலி துண்டு போட்டிருந்தார்கள்,
கம்பளிக் கோட்டால்.

லார்ன் சிகுர்ட்சன் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை.
கதவில் அட்டையைத் தேய்ப்பான்,
ஒரு காபி பிடித்துக்கொண்டு
திரும்பக் காருக்கே போய்விடுவான்.
கம்பத்தில் கார், காருக்குள் லார்ன்,
லார்ன் காதில் ஹாலிஃபாக்ஸ் அலுவலகம்.
அவன் வருகைப்பதிவு நூற்றுக்கு நூறு.
பாராட்டு மின்னஞ்சல்கூட வந்தது,
மடியில் வைத்துப் படித்துக் காட்டினான்.

கோராசோன் மனு எழுதினாள்.
நூற்று அறுபத்தொரு கையெழுத்து,
அதில் இரண்டு மேலாளர்களுடையது, கிறுக்கலாக,
படிக்க முடியாதபடி கவனமாக.
'உங்கள் குரல் எங்கள் காதில் விழுந்தது' என்று பதில்.
அடுத்த வாரம் பீட்சா.
அதற்கு அடுத்த வாரம்
செவ்வாயையும் சேர்த்து நாலு நாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்,
மறைத்தால் எனக்கே உறுத்தும்.

ரோவெனா டெஜார்லேயைத் தோள்வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.
நாலு வருஷமாகத் தினம் பேசுகிற தோள்.
அன்றைக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்தாள்,
எழுந்துகொண்டே இருந்தாள்.
இவ்வளவு உயரமா நீ, என்றேன்.
இவ்வளவு குள்ளமா, என்றாள் அவள்.

பத்து மணிக் கூட்டம்.
இருவரும் அவரவர் திரையில், அவரவர் செவிக்கருவியில்,
கால்கரிக்காரன் ஏதோ விளக்கிக்கொண்டிருக்க,
ரோவெனா 'கூரை' என்றாள்.
முதலில் காற்றில் வந்தது கூரை.
அரை நொடி கழித்து
கால்கரி வரை போய்த் திரும்பிய களைப்போடு
காதில் வந்தது இன்னொரு கூரை.
எங்களால் அடக்க முடியவில்லை.
மைக்கை அணைத்துவிட்டு
மேசைமேல் தலையைச் சாய்த்துச் சிரித்தோம்,
கண்ணில் தண்ணீர் வர.

இதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.
அது எங்களுடையது.
நீங்கள் கட்டியது சுவரும் கம்பமும்.

நாலே முக்காலுக்கு இருட்டில் கிளம்பினேன்.
பாலத்தில் ஐம்பது நிமிஷம்,
முன்னால் சிவப்பு விளக்குகள்.
வீட்டில் என் நாற்காலி
காலையில் நான் தள்ளிவிட்ட கோணத்திலேயே நின்றது.

படிவத்தைத் திறந்தேன்.
'நன்றாக இருந்தேன்' என்று அடித்தேன்.
கட்டம் எதையும் தேர்ந்தெடுக்காததால்
அனுப்ப இயலாது என்றது.

கொஞ்ச நேரம் யோசித்து
மதம் என்பதில் குறியிட்டேன்.
பெட்டியில் எழுதினேன்:

குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வரும்.
பன்னிரண்டு பத்துக்கு
அது என் மேசைக்கு ஏறும்.
இருபது நிமிஷம் இருக்கும்.
நான் அங்கே இருக்க வேண்டும்.