கசிவு

தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். யாருடைய தாகத்துக்கும் அல்ல,
புழுதிக்கு.
கோப்பியாப்போவுக்கு மேலே, செம்புச் சுரங்கத்தின் சாலையில்
தெளித்துக்கொண்டே ஏறுவேன்.
தெளித்துக்கொண்டே இறங்குவதற்குள்
ஏறிய ஈரம் காய்ந்திருக்கும்.
பதினோரு வருடமாக
ஒரே ஈரத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

இங்கே பூப்பவை எல்லாம் எனக்குத் தெரியும்.
சட்டை முதுகில் உப்புப் பூக்கும்.
வேலிக் கம்பியில் துருப் பூக்கும்.
கீழே ஆடு வைத்திருக்கும் தெல்ஃபினாவுக்கு
மேகம் பார்த்துப் பார்த்தே
கண் பூத்துப்போயிற்று.
அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு
எங்கள் பக்கம் வேலை இல்லை.

மூன்றாம் வளைவில் சிவப்புக் கொடி ஏறினால்
வெடி வைக்கிறார்கள் என்று பொருள்.
இருபது நிமிடம், சில நாள் நாற்பது,
இன்ஜினை அணைத்துவிட்டு
ரேடியோவில் மெக்கானிக் உர்சுலோவின் இருமலைக் கேட்டபடி
நின்றிருப்பேன்.
பின்பக்க வால்வு சொட்டும்.
சொட்டட்டுமே, கம்பெனித் தண்ணீர்.

செப்டம்பரில் ஒருநாள்
பக்கக் கண்ணாடியில் ஒரு நிறம்.
பிளாஸ்டிக் பை என்று நினைத்தேன்.
ஆனால் பை என்றால் பறந்திருக்க வேண்டும்,
இது தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றது.

இறங்கினேன்.
குவானாக்கோவின் குளம்பு என்று நாங்கள் சொல்லும் பூ.
ஊதாவும் சிவப்பும் சண்டை போட்டு,
இரண்டுமே தோற்ற நிறம்.
வால்வு சொட்டிய கோட்டில், ஒரு முழ அகலத்தில்,
முப்பத்தொன்று.
சரிபார்க்க மறுபடி எண்ணினேன்,
முப்பத்திரண்டு வந்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வருடம் ஒரு துளி மழை இல்லை.
பாலைவனம் பூத்தது என்று படம் பிடிக்க
சாந்தியாகோவிலிருந்து ஒரு பேருந்தும் வரவில்லை.
மேகம் பழுது, இந்தக் குழாயை நம்பு என்று
மண்ணுக்குள் கிடந்த விதையிடம்
யார் சொல்லியிருப்பார்கள்?
வெடித்தது. தரை ஒருமுறை தூக்கிப் போட்டது.
எல்லாம் குனிந்து நிமிர்ந்தன.
கொடி இறங்கியது, பின்னால் ஹாரன்.
போன் பையில்தான் இருந்தது.
படம் எடுக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமைப் படிவத்தில்
கசிவு உண்டா என்று ஒரு கட்டம்.
இல்லை என்று எழுதினேன்.
நான்கு வெள்ளி எழுதினேன்.
ஐந்தாவது வாரம் உர்சுலோ
வண்டிக்கடியில் படுத்து எழுந்தான்.
ஈரக் கையைக் காலில் துடைத்தான்,
என் முகத்தைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் வாஷரை மாற்றினான்.
சின்னக் காசளவு ரப்பர் வளையம்.
அது போதுமாயிருந்தது.

மூன்றாம் வளைவு இப்போது இல்லை.
மலையின் அந்தத் தோளைச் சீவி எடுத்தாயிற்று.
செம்பாகி, கம்பியாகி,
எந்த ஊரிலோ யார் வீட்டுச் சுவருக்குள்ளோ
விளக்கெரிய ஓடிக்கொண்டிருக்கும்.
பூ நின்ற இடத்தில்
நிற்க நிலம்கூட இல்லை, வெறும் காற்று.

ஆனாலும் பாருங்கள்,
அண்ணன் ரமிரோவின் சவப்பெட்டியைச் சுமந்த அன்று,
சம்பளம் நின்ற அந்த ஜூனில்,
பல் பிடுங்கும் நாற்காலியில் வாயைத் திறந்து கிடக்கையில்,
கண் ஓரத்தில் அந்த நிறம் வந்து
ஒருமுறை தலையாட்டும்.
நான் கூப்பிட்டதே இல்லை.

உர்சுலோ ஓய்வுபெற்ற நாளில்
கேன்டீன் கூச்சலுக்கு நடுவே என் பக்கம் குனிந்து,
"இருபத்தொன்பது எண்ணினேன்" என்றான்.
நெஞ்சு ஒரு கணம் பிரேக் போட்டது.
நான்கு வாரமும் அவன் பார்த்திருக்கிறான்!
"தப்பு" என்றேன்.

இப்போது அவன் இருப்பது கடலோரம், மகள் வீட்டில்.
வருடத்தில் எப்போதாவது,
பிறந்தநாளுமில்லை, பண்டிகையுமில்லை,
போனில் வெறும் ஓர் எண் வரும்.
போன செவ்வாய்க்கிழமை: முப்பது.

கொடி இறங்கும்வரை யோசித்தேன்.
முப்பத்தைந்து என்று அனுப்பினேன்.